"தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன": ஒரு வரிச் செய்திக்குப் பின்னால் இருக்கும் 170 வருஷக் கதை

"நகர்மன்ற சாதாரணக் கூட்டம் தலைவர் தலைமையில் நடைபெற்றது. குடிநீர், சாலை, தெருவிளக்கு உள்ளிட்ட பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன."

நாளிதழோட உள்பக்கத்துல இந்த மாதிரி செய்தியை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? எத்தனை தடவை முழுசா படிச்சிருப்பீங்க?

பெரும்பாலும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற தேங்காய் பருப்பு விலையையும் முருங்கைக்காய் விலையையும்தான் பார்த்திருப்போம். வெள்ளகோவில்காரங்க வேற எப்படி இருப்போம்?

டாக்டர் எதுக்கு நகர்மன்றக் கூட்டத்தைப் பத்தி எழுதுறான்னு கேட்கலாம். காரணம் இருக்குங்க. வயித்துப்போக்கு, டெங்கு, டைபாய்டு, நாய்க்கடின்னு நான் ஓ.பி.யில பார்க்கிற பாதி நோய்க்கு மூலக் காரணம் நகராட்சி அலுவலக ஃபைல்ல ஏதோ ஒரு பொருள் எண்ணா ஏற்கெனவே இருக்கும்.

கொஞ்சம் நீளமான திரெட். டீ வெச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல, கூட்டத்துல என்னதான் நடக்குதுன்னு பார்ப்போம்.

வெள்ளகோவில் 21 வார்டு கொண்ட நகராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 40 ஆயிரம் சொச்சம் பேர். விசைத்தறி, நூற்பாலை, எண்ணெய் மில், முருங்கைன்னு ஓடுற ஊர். கூட்டத்துக்கு முன்னாடி கவுன்சிலர்கள் கைக்கு ஒரு அஜெண்டா வரும். அதுல வரிசையா பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு.

இந்தக் குறிப்புக்குன்னே ஒரு நடை இருக்கு. "...பழுதடைந்துள்ளதால் அதனைச் சரிசெய்ய ஏற்படும் செலவினத்திற்கு மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது." வேலை ஏற்கெனவே முடிஞ்சிருந்தா "மன்றத்தின் பின்னேற்பு வேண்டி". கீழே மன்றத்தோட பதில் ஒரே வார்த்தை: "அனுமதிக்கப்பட்டது."

பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, வருவாய்ப் பிரிவு எல்லாம் தங்கள் வேலைக்கும் செலவுக்கும் இப்படித்தான் மன்றத்துல கணக்குக் காட்டணும். படிக்க அலுப்பா இருக்கும். உண்மைதான். ஆனா ஒரு ஊர் எதனால சாகாம இருக்குங்கிற கணக்கு அந்த அலுப்புக்குள்ளதான் இருக்கு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு?

1854, லண்டன். சோஹோங்கிற பகுதி. ஆகஸ்ட் கடைசி நாள் ராத்திரி காலரா வெடிக்குது. பத்து நாளைக்குள்ள 500 பேருக்கு மேல சாகுறாங்க.

ஜான் ஸ்நோன்னு ஒரு டாக்டர். மயக்க மருந்து நிபுணர். காலரா கெட்ட காத்துல வருதுன்னு எல்லாரும் சொன்னப்ப, தண்ணியிலதான் வருதுன்னு சொன்னவர். வீடு வீடா போய் விசாரிச்சு, சாவெல்லாம் பிராட் தெருவுல இருக்கிற ஒரு அடிபம்பைச் சுத்தி விழுதுன்னு கண்டுபிடிச்சார்.

மெடிக்கல் காலேஜ்ல இதுவரைக்கும் சொல்லித் தருவாங்க. நோய்ப்பரவல் இயலின் தந்தை, அது இதுன்னு. ஆனா கதையோட அடுத்த பகுதியை வேகமா தாண்டிப் போயிடுவாங்க.

பம்பு ஸ்நோவோடது இல்ல. அதை நிறுத்த அவருக்கு அதிகாரமும் இல்ல. என்ன செஞ்சார்? செப்டம்பர் 7 சாயங்காலம் அந்தப் பகுதியோட உள்ளூர் நிர்வாகக் குழு கூடியிருந்த இடத்துக்குப் போனார். தன்கிட்ட இருந்த கணக்கைச் சொன்னார். குழு கேட்டுச்சு. மறுநாள் பம்போட கைப்பிடியைக் கழட்டிட்டாங்க.

அவர் சொன்னதை அவங்க முழுசா நம்பல. காலரா ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு கைப்பிடியைத் திரும்ப மாட்டவும் செஞ்சாங்க. ஆனா "ஊர்ல சாவு இந்த இடத்துல இவ்வளவு, காரணம் இது, இதை மூடுங்க"ன்னு ஒரு டாக்டர் உள்ளாட்சி சபை முன்னாடி எண்ணிக்கையோட நின்னதும், சபை ஒரு முடிவு எடுத்ததும் நடந்துச்சு. இன்னைக்கு சுகாதாரப் பிரிவு வைக்கிற அறிக்கையோட ஆதி வடிவம் இதுதான்.

அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1847-ல, லிவர்பூல் நகரம் டங்கன்னு ஒரு டாக்டரை ஊரோட சுகாதார அதிகாரியா நியமிச்சிருந்துச்சு. பிரிட்டனோட முதல் நகர சுகாதார அதிகாரி அவர்தான். ஊர்ல எத்தனை பேர் எந்த நோயில செத்தாங்கன்னு நகர சபைக்குச் சொல்றது அவர் வேலை.

நம்ம பக்கம் எப்படி வந்துச்சு?

நம்ம மேல இருந்த அக்கறையால வரல. சிப்பாய்ங்க செத்துட்டு இருந்தாங்க.

1857 கலகத்துக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுல இருந்த தன் படையோட சுகாதாரத்தை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டுச்சு. 1863-ல அறிக்கை வந்துச்சு. இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள்ல வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகுறாங்கன்னு அதுல போட்டிருந்துச்சு. பெரும்பாலும் காலரா, சீதபேதி, காய்ச்சல்தான் காரணம். இந்த விசாரணைக்குப் பின்னால நின்னு வேலை பார்த்தவங்கள்ல ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருத்தர்.

ராணுவக் குடியிருப்பை மட்டும் சுத்தம் பண்ணி என்ன பிரயோஜனம்? பக்கத்து ஊர் நாறினா நோய் வேலி தாண்டி வரும்ல? அதனால 1864-ல மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மூணு மாகாணத்துலயும் சுகாதார கமிஷன்கள். 1865-ல மெட்ராஸ் மாகாணத்துக்கு நகர மேம்பாட்டுச் சட்டம். கோயம்புத்தூர், சேலம் மாதிரி ஊர்கள் அந்தச் சமயத்துலதான் நகராட்சியா ஆச்சு.

ஆனா அந்த மன்றங்கள்ல உட்கார்ந்தது யாரு? கலெக்டரும் அவர் நியமிச்ச பெரிய மனுஷங்களும்.

1882 மே மாசம் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பத்தி ஒரு தீர்மானம் வெளியிட்டார். சென்னையில ரிப்பன் மாளிகைன்னு சொல்றோமே, அதே ரிப்பன். நிர்வாகம் இன்னும் நல்லா நடக்கும்ங்கிறது அவரோட முதல் வாதம் இல்ல. மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும்னுதான் சொன்னார். 1884-ல மெட்ராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் கிடைச்சுது. வரி கட்டுறவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. அதுவும் ஒரு சின்னக் கூட்டம்.

அப்புறம் 1920 சட்டம். இந்த 1920 சட்டத்தை வெச்சுத்தான் நம்ம நகராட்சிகள் 2023 வரைக்கும் ஓடுச்சு. ஆமாங்க, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1998-லேயே புதுச் சட்டம் போட்டு அதை நிறுத்தி வெச்சு, 2023 ஏப்ரல்லதான் நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. சட்டத்துக்கும் கூட ஓ.பி. வரிசை இருக்கும் போல.

இப்ப பிளேக் கதைக்கு வருவோம். இது நம்ம மண்ணோட கதை.

1896-ல பம்பாய்ல பிளேக் வந்துச்சு. 1903 வாக்குல கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்துச்சு. நம்ம வெள்ளகோவில் அப்ப கோயம்புத்தூர் மாவட்டம். (அப்புறம் 1979-ல பெரியார் மாவட்டம், 2009-ல திருப்பூர் மாவட்டம். இருந்த இடத்துல இருந்தபடியே மூணு மாவட்டம் பார்த்த ஊர் இது.)

அடுத்த இருபது வருஷத்துக்கு பிளேக் கோயம்புத்தூரை விட்டு விட்டு அடிச்சுது. ஜனங்க வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்குனாங்க. கோயம்புத்தூர்ல இன்னைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கு. நோய்க்கே பேரு வெச்சு கும்பிட்ட ஊர். எவ்வளவு பயந்திருந்தா அப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அந்தக் காலத்து நகர்மன்ற அஜெண்டாவுல என்னென்ன வரும்? எலி ஒழிப்பு, நெரிசலான தெருவை அகலப்படுத்தறது, ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு, தடுப்பூசி, பிணம் எடுக்க ஆள், அந்த ஆளுக்குக் கூலி. எல்லாமே "மன்றத்தின் அனுமதிக்கு".

தண்ணியும் அப்படித்தான். சிறுவாணித் தண்ணியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு வரணும்னு 19-ஆம் நூற்றாண்டு கடைசியிலேயே சே.ப.நரசிம்மலு நாயுடு பேசவும் எழுதவும் ஆரம்பிச்சுட்டார். தண்ணி ஊருக்குள்ள வந்தது 1920-களோட கடைசியில. நகரசபைத் தலைவரா இருந்து அதுக்குப் பாடுபட்டவர் இரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ்.புரம்ங்கிற பேர்ல இன்னைக்கும் இருக்கிறவர். நடுவுல ஒரு தலைமுறை போயிருச்சு. அவ்வளவு வருஷமும் அந்தத் திட்டம் மதிப்பீடு, ஆட்சேபம், கடன், திரும்ப மதிப்பீடுன்னு சுத்திச்சு.

இன்னொரு விஷயம் கேளுங்க.

1910-களோட கடைசியில ஈரோடு நகரசபைத் தலைவரா இருந்தவர் ஈ.வெ.ராமசாமி. அதே சமயத்துல சேலம் நகரசபைத் தலைவரா இருந்தவர் சி.ராஜகோபாலாச்சாரி. பெரியாரும் ராஜாஜியும்! பின்னாடி தமிழ்நாட்டு அரசியலை எதிரெதிரா நின்னு நடத்தின ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடிதண்ணியையும் சாக்கடையையும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பழக்கத்துலதான் நட்பும் ஆச்சு. ஈரோட்டுக்குக் காவிரித் தண்ணி வந்ததுல பெரியாருக்குப் பங்கு உண்டு. பிளேக் நேரத்துல வேலை செஞ்சதையும் சொல்வாங்க. 1919-ல ரெண்டு பேருமே பதவியை விட்டாங்க. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

தண்ணித் தொட்டிக்கு மதிப்பீடு போட்டுத்தான் அவங்களுக்கு அரசியலே படிஞ்சுதோன்னு எனக்குத் தோணும். ரிப்பன் நினைச்சது நடந்துச்சு. அவர் நினைச்ச விதத்துலதான் நடக்கல.

சரி, இந்தத் திரெட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான்.

1920 செப்டம்பர் 16. மெட்ராஸ் மாநகராட்சி மன்றக் கூட்டம். தலைவர் பிட்டி தியாகராயர். அன்னைக்கு இருந்த பல பொருள்கள்ல ஒண்ணு, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பசங்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கிறது. ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாது. ஒரு அணான்னா ரூபாயில பதினாறுல ஒரு பங்கு.

பசங்க ஏழைங்க, பசியால பள்ளிக்கூடத்துல ஆளே குறையுதுன்னு தியாகராயர் சொன்னார். மன்றம் ஒத்துக்குச்சு. அவ்வளவுதான். கொடி இல்ல, மேடை இல்ல. ஒரு பொருள், ஒரு "அனுமதிக்கப்பட்டது".

அப்புறம் இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்கு விரிவாச்சு. 1922-23-ல 811-ஆ இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல 1,671 ஆச்சு. ரெண்டு வருஷத்துல ரெண்டு மடங்கு! ஒரு டாக்டரா சொல்றேன், சத்துக்குறைவுக்கு இந்த மாதிரி வேகமா வேலை செய்யுற மருந்து என் கையில இல்ல.

நல்லா போயிட்டு இருந்துச்சா? நின்னுருச்சு. 1925 ஏப்ரல் 1-லிருந்து நிறுத்திட்டாங்க.

ஏன்? கணக்குங்க, கணக்கு. சாப்பாட்டுச் செலவை ஆரம்பக் கல்வி நிதியில எழுதியிருந்தாங்க. அந்த நிதியில இருந்து இதுக்குச் செலவு செய்யக் கூடாதுன்னு அரசு சொல்லிருச்சு. பசங்க பசி எந்தத் தலைப்புல வரும்னு முடிவாகாததால சாப்பாடு நின்னுச்சு.

1927-ல திரும்ப ஆரம்பிச்சாங்க. 25 பள்ளிக்கூடம், ஏழைப் பசங்க ஆயிரம் பேர்.

1956-ல காமராஜர் மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கின காலை உணவு. இந்த வரிசையை எல்லாரும் சொல்வாங்க. வரிசையோட முதல் ஆள் ஒரு மாநகராட்சி அஜெண்டாவுல இருந்த ஒரு அணா.

இன்னைக்கும் நகராட்சியில பணம் ஒரே பெட்டியில இருக்காது. பொது நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. எந்தச் செலவு எந்தத் தலைப்புலங்கிறது வெறும் குமாஸ்தா வேலைன்னு தோணும். 1925-ல பசியோட வீட்டுக்குப் போன பையன்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது.

1930-கள்ல நகராட்சிகளுக்கு கமிஷனர் பதவி வந்துச்சு. அதாவது ஆணையாளர். இப்ப நாம பார்க்கிற அமைப்பு அப்பத்தான் உருவாச்சு. வேலையைச் செய்யுறது அதிகாரிகள், குறிப்பு எழுதுறது அதிகாரிகள். கேள்வி கேட்டு அனுமதிக்கிறதும் ஒத்திவைக்கிறதும் மன்றம்.

1939-ல மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவுல இந்த மாதிரி முழுசான ஒரு பொது சுகாதாரச் சட்டத்தை முதல்ல போட்ட மாகாணம் நாம. தொற்று நோய் வந்தா தகவல் சொல்லணும், கெட்ட கிணறை மூடலாம், தண்ணியைச் சோதிக்கணும்னு எல்லாம் அதுல உண்டு. டெங்கு புழு இருக்கிற கம்பெனிக்கும் வீட்டுக்கும் நோட்டீஸ் வருதுல்ல, அதுக்கு பலம் கொடுக்கிறதும் இந்தச் சட்டம்தான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தக் கூட்டங்கள் ஒழுங்கா நடந்துச்சான்னு கேட்டா, இல்லைங்கிறதுதான் பதில்.

1973-ல சென்னை மாநகராட்சியில மஸ்டர் ரோல் ஊழல் வெடிச்சுது. மஸ்டர் ரோல்னா தினக்கூலி ஆட்களோட வருகைப் பதிவேடு. இல்லாத ஆளுங்க பேரை எழுதி கூலி எடுத்திருந்தாங்க. மன்றத்தையே கலைச்சுட்டாங்க. அடுத்த தேர்தல் எப்ப தெரியுமா? 1996. 23 வருஷம் சென்னைக்கு மன்றம் இல்ல. பொய்க் கணக்கு எழுதினது சிலர். கேள்வி கேட்கிற இடம் போனது மொத்த ஊருக்கும்.

மத்த நகராட்சிகளும் பெருசா மெச்சிக்க முடியாது. 1986-ல ஒரு தேர்தல், அப்புறம் 1996-ல. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன்ல நடைமுறைக்கு வந்த பிறகுதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம்ங்கிறது அரசியல் சட்டத்துலயே ஏறுச்சு. பொது சுகாதாரம், குடிநீர், சுடுகாடு, பிறப்பு இறப்புக் கணக்குன்னு 18 வேலைகள் கொண்ட பட்டியலும் அதுல வந்துச்சு.

கட்டாயம்னு எழுதியாச்சு. அப்புறம் என்ன?

2016 அக்டோபர் 17, 19 தேதிகள்ல உள்ளாட்சித் தேர்தல்னு அறிவிச்சாங்க. அக்டோபர் 4 அன்னைக்கு சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து பண்ணிச்சு. இடஒதுக்கீட்டை முறைப்படி செய்யலைங்கிறது வழக்கு. 2011-ல ஜெயிச்ச மன்றங்களோட காலம் அந்த மாசமே முடிஞ்சுது. தனி அலுவலர்கள் பொறுப்பேத்துக்கிட்டாங்க. ஆறு மாசம், இன்னும் ஆறு மாசம்னு நீட்டிச்சுக்கிட்டே போனாங்க.

நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. மார்ச் 2-ல கவுன்சிலர்கள் பதவியேத்துக்கிட்டாங்க. மார்ச் 4-ல தலைவர்கள் தேர்வு.

நடுவுல அஞ்சே கால் வருஷத்துக்கும் மேல. நம்ம வெள்ளகோவிலும் அதுல அடக்கம்.

அந்த அஞ்சு வருஷத்துல என்னென்ன நடந்துச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க.

2017 டெங்கு. அரசு கணக்குப்படியே தமிழ்நாட்டுல 23 ஆயிரத்துக்கும் மேல பாதிப்பு, 65 சாவு. 2020 மார்ச் கொரோனா. ஊரடங்கு. மில்லும் தறியும் நின்னு வடமாநிலத் தொழிலாளிங்க ஊருக்கு நடந்தே கிளம்பினது. 2021 மே மாசம் ரெண்டாவது அலை. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ் வரிசை.

நூறு வருஷத்துலயே பெரிய சுகாதார நெருக்கடி. அப்ப நம்ம ஊர்ல தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்ல. பிளேக் காலத்துல, வெள்ளைக்காரன் ஆட்சியில கூட, கோயம்புத்தூர்லயும் ஈரோட்டுலயும் மன்றம் கூடுச்சு.

தப்பா எடுத்துக்காதீங்க. வேலை நிக்கல. தூய்மைப் பணியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும் அந்த ரெண்டு வருஷம் செஞ்ச வேலையை நான் கண்ணால பார்த்தவன். வீட்டுல சொந்தக்காரங்களே பக்கத்துல போகாத உடம்பை அவங்கதான் தூக்கினாங்க. தனி அலுவலர்கள் உழைக்கலைன்னும் சொல்லல. மன்றம் இருந்திருந்தா கொரோனா வந்திருக்காதுன்னும் சொல்லல.

இல்லாம போனது ஒண்ணே ஒண்ணுதான். "என் வார்டுல மருந்து அடிச்சு பதினைஞ்சு நாளாச்சு, ஏன்?"னு ஒருத்தர் எழுந்து நின்னு கேட்கிறதும், அதுக்கு அலுவலர் சொல்ற பதில் மினிட் புத்தகத்துல ஏறுறதும். ஓ.பி.யில ஒரே தெருவுல இருந்து நாலு காய்ச்சல் வந்தா நான் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுப்பேன். அவங்க வருவாங்க. ஆனா அந்தத் தெரு ஏன் அப்படி இருக்குங்கிற கேள்வி என் அறிக்கையில இருக்காது. கவுன்சிலர் வாயிலதான் வரும்.

இப்ப நம்ம மாதிரி ஊர் அஜெண்டாவுல வழக்கமா வர்ற சில பொருள்களை ஒரு டாக்டர் கண்ணால படிச்சுக் காட்டுறேன்.

"நீரேற்று நிலைய மின்மோட்டார் பழுது நீக்கிய செலவு, பின்னேற்பு." நீங்க மோட்டார்னு படிப்பீங்க. நான் டெங்குன்னு படிப்பேன். நம்ம பக்கம் வறண்ட பூமி, குடிக்கக் காவிரித் தண்ணியை நம்பி இருக்கோம். மோட்டார் ரிப்பேர்னா தண்ணி தள்ளிப் போகும். தள்ளிப் போனா ஜனங்க பேரல், குடம், சிமெண்ட் தொட்டின்னு எல்லாத்துலயும் பிடிச்சு வைப்பாங்க. ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்கிற கொசுவா மாற 7-லிருந்து 10 நாள் போதும். தண்ணி வர்ற இடைவெளி அதைத் தாண்டுச்சுன்னா, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கொசுப் பண்ணை. தண்ணியைக் காலி பண்ணினா மட்டும் பத்தாது. முட்டை தொட்டிச் சுவத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கிடக்கும், தண்ணி பட்டதும் பொரியும். வாரத்துக்கு ஒரு நாள் சுவத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க.

"கொசு ஒழிப்புப் பணிக்குத் தற்காலிகப் பணியாளர்கள் அமர்த்துதல்." வீட்டுக்கு வந்து தொட்டியில டார்ச் அடிச்சுப் பார்க்கிறாங்களே அக்காங்க, அவங்கதான். டி.பி.சி. பணியாளர்கள்னு சொல்வோம். அவங்க எண்ணிக்கை, நாட்கள், கூலி எல்லாம் இந்தப் பொருள்லதான் முடிவாகும். இது ஒரு கூட்டம் தள்ளிப் போச்சுன்னா ஒரு மழைக்காலம் போயிரும். கவுன்சிலர் இதுல கேட்க வேண்டியது, எத்தனை பேர் அமர்த்தியிருக்கு, என் வார்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்து வருது. 1973 கதை ஞாபகம் இருக்குல்ல? வருகைப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்கலாம்.

"பிளீச்சிங் பவுடர் கொள்முதல்." இதைவிடச் சலிப்பான பொருள் உலகத்துல கிடையாது. ஆனா குழாய்க் கடைசியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். தொட்டியில போட்டது கணக்கு இல்ல, கடைசி வீட்டுக் குழாய்ல என்ன இருக்குங்கிறதுதான் கணக்கு. அதைச் சோதிச்ச பதிவேடு இருக்கான்னு கேட்கிற ஒரு கேள்வி, எத்தனையோ குழந்தைங்களுக்கு டிரிப் ஏத்துற வேலையை எனக்கு மிச்சப்படுத்தும்.

"தெருநாய்களுக்குக் கருத்தடை மற்றும் வெறிநோய்த் தடுப்பூசி." இதை நம்ம பக்கத்துல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்ங்க பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கொன்னதும், விவசாயிங்க இழப்பீடு கேட்டுப் போராடினதும் நாம பார்த்ததுதான். ஆட்டைக் கடிச்சதுதான் செய்தியில வந்துச்சு. மனுஷனைக் கடிச்சது எங்க ஊசி ரூமுக்கு வந்துச்சு. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு சாவு. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா காப்பாத்திரலாம். கடிச்ச உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நாய்ங்களுக்குக் கருத்தடை பண்றதும் ஊசி போடறதும் சட்டப்படி உள்ளாட்சியோட பொறுப்பு.

கடைசியா, பிறப்பு இறப்புக் கணக்கு. மெட்ராஸ் மாகாணத்துல இதுக்கு 1899-லேயே சட்டம் வந்துருச்சு. இன்னைக்கு இருக்கிறது 1969-ல வந்த மத்தியச் சட்டம். இதை எழுதி வெச்சதால என்ன லாபம்? நூறு வருஷம் முன்னாடி இந்தியாவுல பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல சுமார் 200 முதல் பிறந்த நாளைப் பார்க்காது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டோட எண்ணிக்கை ஆயிரத்துக்கு 13. எண்ணினதாலதான் குறைக்க முடிஞ்சுது. எண்ணாம விட்டிருந்தா "விதி"ன்னு சொல்லிட்டுப் போயிருப்போம்.

இன்னும் ரெண்டு தகவல் மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன்.

ஒண்ணு. 2022 மார்ச்ல தொடங்கின மன்றத்தோட அஞ்சு வருஷம் 2027 மார்ச்ல முடியுது. காலம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை முடிச்சாகணும்ங்கிறது அரசியல் சட்டத்தோட 243-யு பிரிவு. 2016-லயும் அந்தப் பிரிவு அங்கேயேதான் இருந்துச்சு. எந்தக் கட்சிக்கு வேணா ஓட்டுப் போடுங்க, அது உங்க விருப்பம். தேர்தல் தள்ளிப் போகுதான்னு மட்டும் கவனிங்க. தள்ளிப் போற ஒவ்வொரு மழைக்காலமும் எங்க வார்டுலதான் வந்து முடியும்.

ரெண்டு. கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. 2022 நவம்பர் 1-லிருந்து நகரங்கள்லயும் பகுதி சபாக் கூட்டம் வந்துருச்சு. கிராமசபை மாதிரி, உங்க வார்டுக்குள்ளயே. போய் உட்காருங்க. முடியலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு. "பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம், வெள்ளகோவில்"னு போட்டு அனுப்புங்க. மொத்தமா எல்லாத்தையும் கேட்டா பதில் இழுக்கும். "கடந்த மூன்று கூட்டங்களில் பொதுச் சுகாதாரப் பிரிவு வைத்த பொருள்களும் அவற்றின் மீதான தீர்மானங்களும், குளோரின் அளவுப் பதிவேட்டின் கடந்த ஒரு மாதப் பக்கங்களும்"னு குறிப்பா கேளுங்க.

வந்ததைப் படிச்சுப் பார்த்துட்டு, புரியாத இடம் இருந்தா கீழே கேளுங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.